அம்மாவுக்கு ஆன வயதில்தான் மகளுக்குமா?

"எங்க அம்மாவுக்கு நாற்பத்து நாலிலேயே நின்னுடுச்சு, எனக்கும் அப்படித்தான் ஆகும்போல" என்று முப்பதுகளில் இருக்கும் பெண்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். பெண் சீக்கிரம் வயசுக்கு வந்துவிட்டால், "அவ அத்தையும் அஞ்சாங்கிளாஸ் படிக்கும்போதே உட்கார்ந்துட்டா" என்று வீட்டுப் பெரியவர்கள் பேச்சை முடித்துவிடுவார்கள். கல்யாணமான பத்தாம் மாதமே தலைச்சன் பிள்ளை பிறந்தாலும் அதே விளக்கம்தான், அந்த வம்சமே அப்படி. பூப்பு, முதல் பிரசவம், மாதவிடாய் நிற்பது என்ற மூன்றையும் நாம் 'குடும்பவழி' என்ற ஒரே பையில் போட்டு வைத்திருக்கிறோம். அது தப்பில்லை, மூன்றிலுமே மரபணுவுக்குப் பங்கு இருக்கிறது. ஆனால் மூன்றிலும் வழிவழியாக இறங்குவது ஒரே சரக்கு இல்லை. பூப்பின் மரபணுக்கள் பெரும்பாலும் மூளைக்குள் வேலை செய்கின்றன, மாதவிடாய் நிற்பதை நிர்ணயிப்பவை கருமுட்டைக்குள், முதல் குழந்தை எப்போது என்பதில் இருக்கும் 'மரபுப் பங்கு' கணிசமாகப் பள்ளிக்கூடத்தின் வழியாகச் சுற்றிக்கொண்டு வருகிறது. இதைப் பிரித்துப் பார்க்காவிட்டால் அம்மாவின் வயதைக் கேட்டு வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றே தெரியாது.

முதலில் அந்த சதவீதக் கணக்கைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் செய்திகளில் அதிகம் குழப்புவது இதுதான். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டைச் சகோதரிகளையும், தனித்தனி முட்டையிலிருந்து வந்த இரட்டையரையும் ஒப்பிட்டால், முதல் வகையினர் வயசுக்கு வரும் வயது இன்னும் நெருக்கமாக ஒத்துப்போகிறது. அதிலிருந்து கணக்குப் போட்டு, பூப்பு வயதில் மரபின் பங்கு ஏறத்தாழ 50 முதல் 70 சதவீதம், மாதவிடாய் நிற்கும் வயதில் ஏறத்தாழ பாதி அல்லது அதற்குக் கொஞ்சம் மேல் என்று சொல்கிறார்கள். இதை "என் பெண் 12 வயதில் வயசுக்கு வந்தாள், அதில் 8 வருடம் மரபணு, 4 வருடம் சாப்பாடு" என்று படிக்கக் கூடாது. ஒரு கூட்டத்துப் பெண்களுக்குள் ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசத்தில் எவ்வளவு மரபால் வந்தது என்பதுதான் அந்த எண். எல்லாப் பெண் பிள்ளைகளுக்கும் வயிறாரச் சோறு கிடைக்கும் ஊரில் மிச்சமிருக்கும் வித்தியாசம் பெரும்பாலும் மரபாகத்தான் இருக்கும், எனவே சதவீதம் ஏறும். பாதிப் பேர் பட்டினி கிடக்கும் ஊரில் அதே மரபணுக்கள் இருந்தும் சதவீதம் இறங்கும். எண் ஊருக்கும் காலத்துக்கும் சொந்தம், தனி ஆளுக்கு இல்லை.

சரி, பூப்புக்கு வருவோம். வயசுக்கு வருவது கர்ப்பப்பையில் தொடங்கும் சமாச்சாரம் என்றுதான் பலரும் நினைக்கிறோம், உண்மையில் அது மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதாலமஸில் தொடங்குகிறது. அங்கே உள்ள சில நரம்பணுக்கள் விட்டுவிட்டு ஒரு ஹார்மோனைச் சுரக்க, அது பிட்யூட்டரியைத் தூண்ட, பிட்யூட்டரி சினைப்பையைத் தூண்டுகிறது. விசித்திரம் என்னவென்றால் இந்த ஏற்பாடு புதிதாக உருவாவதில்லை. கருவிலும் பிறந்த முதல் சில மாதங்களிலும் இது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, அப்புறம் மூளையே அதை அடக்கி வைத்துவிட்டுப் பல வருடம் கழித்து மறுபடி விடுகிறது. ஆகவே பூப்பு எப்போது என்ற கேள்வி, அடக்கி வைத்திருக்கும் பிடி எப்போது தளரும் என்ற கேள்விதான்.

அந்த நரம்பணுக்களைத் தட்டி எழுப்புவதில் கிஸ்பெப்டின் என்ற புரதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதன் மரபணு 1996-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஹெர்ஷி என்ற ஊரில், புற்றுநோய் பரவலைத் தடுக்கும் மரபணு என்ற பெயரில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த ஊரின் பிரபலமான 'கிஸ்ஸஸ்' சாக்லேட்டை நினைத்துத்தான் பெயரே வைத்தார்கள். பூப்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்பது 2003-இல்தான் தெரிந்தது. வயது கடந்தும் பருவமே எய்தாத சிலரிடம் இந்தப் புரதத்தை வாங்கிக்கொள்ளும் ஏற்பி பழுதாகி இருந்தது. அதில் முக்கியமான ஒன்று சவுதி அரேபியாவில் சொந்தத்துக்குள் திருமணம் செய்துகொண்ட ஒரு குடும்பம். அப்பா பக்கம் ஒன்று, அம்மா பக்கம் ஒன்று என்று அந்த மரபணுவின் பழுதான பிரதிகள் இரண்டும் ஒரே பிள்ளையிடம் வந்து சேர்ந்தால்தான் இப்படி ஆகும்.

பிடியைத் தளர்த்தாமல் வைத்திருப்பவற்றில் ஒன்று எம்.கே.ஆர்.என்.3 என்ற மரபணு, இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 2013-இல் பாஸ்டன், சாவோ பாலோ ஆய்வாளர்கள் சேர்ந்து, மிகச் சின்ன வயதிலேயே பருவமெய்தும் பிள்ளைகள் உள்ள 15 குடும்பங்களை ஆராய்ந்ததில் 5 குடும்பங்களில் இந்த மரபணு உடைந்திருந்தது. பெண் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் ஆறு வயது வாக்கிலேயே மாற்றம் தொடங்கியிருந்தது. இந்த மரபணுவின் தனிக்குணம், அப்பாவிடமிருந்து வந்த பிரதி மட்டும்தான் வேலை செய்யும், அம்மாவிடமிருந்து வந்தது பிறவியிலேயே வாய்மூடி இருக்கும். இதனால் நடப்பதைப் பாருங்கள். ஒரு பாட்டியிடம் உடைந்த பிரதி இருக்கிறது. அது அவர் மகனுக்குப் போகிறது. மகனுக்கு அது 'அம்மா பிரதி' என்பதால் எந்தத் தொந்தரவும் இல்லை, ஊரில் எல்லாரையும்போல மீசை முளைத்து வளர்கிறார். அவருக்குப் பெண் பிறந்து, அந்த உடைந்த பிரதி அவளுக்குப் போனால் அப்போது அது 'அப்பா பிரதி' ஆகிவிடுகிறது. அடக்கி வைக்க வேண்டியது அடக்காமல் விட, அவள் ஒன்றாம் வகுப்பிலேயே பருவமெய்தத் தொடங்குகிறாள். டாக்டர் அம்மாவிடம் "உங்களுக்கு எப்போது?" என்று கேட்கிறார், அம்மா 13 என்கிறார், எல்லாரும் குழம்புகிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி அப்பாவின் குடும்பத்தைப் பற்றியது. நம் வீடுகளில் "அத்தை மாதிரி" என்று அப்பா பக்கத்தைப் பார்ப்பதில் இந்த அளவுக்காவது விஷயம் இருக்கிறது.

ஆனால் இவை அரிய குடும்பங்கள். சாதாரணமாக ஒருத்தி 11-லும் இன்னொருத்தி 14-லும் வயசுக்கு வருவதற்குக் காரணம் இப்படி ஒற்றை மரபணு உடைவது இல்லை. 2009-இல் வந்த முதல் பெரிய ஆய்வுகளில் சிக்கியது 6-ஆம் குரோமோசோமில் உள்ள லின்28பி என்ற மரபணு. அதன் ஒரு வடிவத்தை ஒரு பிரதி வைத்திருந்தால் பூப்பு சுமார் ஒன்றரை மாதம் முந்துகிறது. அவ்வளவுதான், ஒன்றரை மாதம்! இந்த மரபணுவின் பூர்வீகம் இன்னும் சுவாரசியம். மண்ணில் வாழும் ஒரு மில்லிமீட்டர் உருளைப்புழுவில் விக்டர் அம்ப்ரோஸும் ராபர்ட் ஹார்விட்சும் 1984-இல் சில மரபணுக்களை விவரித்தார்கள். அவை கெட்டுப்போனால் புழு தன் வளர்ச்சிக் கட்டங்களில் ஒன்றைத் தாண்டிக் குதித்துவிடும், அல்லது ஒரே கட்டத்தைத் திரும்பத் திரும்பச் செய்யும். அந்தப் பட்டியலில் லின்-28-ம் ஒன்று. அதே வரிசை ஆராய்ச்சி வளர்ந்து, மரபணுக்களின் வேலையைக் கட்டுப்படுத்தும் நுண்-ஆர்.என்.ஏ. கண்டுபிடிப்பாகி, 2024-இல் அம்ப்ரோஸுக்கும் கேரி ருவ்குனுக்கும் நோபல் வாங்கித் தந்தது. புழு எப்போது அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும் என்று சொல்லும் ஏற்பாட்டின் உறவுக்காரன்தான், மனிதப் பெண் எப்போது பருவமெய்துவாள் என்பதிலும் கை வைத்திருக்கிறான்.

2014-இல் சுமார் 1.8 லட்சம் பெண்களை வைத்து, டி.என்.ஏ.-வில் பூப்பு வயதோடு தொடர்புடைய 106 இடங்கள், 2017-இல் சுமார் 3.7 லட்சம் பேரை வைத்து 389, 2024-இல் சுமார் 8 லட்சம் பேரை வைத்து ஆயிரத்துக்கும் மேல் என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது. அத்தனையையும் கூட்டிப் பார்த்தாலும் பெண்களுக்கு இடையிலான வித்தியாசத்தில் சுமார் 11 சதவீதத்தைத்தான் விளக்க முடிகிறது. இரட்டையர் கணக்கு சொல்லும் 50-க்கும் இந்த 11-க்கும் இடையில் பெரிய இடைவெளி இன்னும் கிடக்கிறது. அந்த ஆயிரத்தில் கணிசமானவை உடல் பருமனோடு சம்பந்தப்பட்டவையாகவும் இருக்கின்றன. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. உடம்பில் சேமிப்பு போதுமா என்று மூளை பார்த்துக்கொண்டுதான் பிடியை விடுகிறது.

இதற்கு நேரடிச் சாட்சி இங்கிலாந்தில் வாழ்ந்த பாகிஸ்தான் வம்சாவளிக் குடும்பம் ஒன்று. 1997-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் அந்தக் குடும்பத்தில் உறவுமுறைப் பிள்ளைகளான இரண்டு குழந்தைகளின் ரத்தத்தில், கொழுப்பணுக்கள் சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் மிக மிகக் குறைவு என்று கண்டார்கள். எட்டு வயதுப் பெண் 86 கிலோ, இரண்டு வயதுப் பையன் 29 கிலோ. பசி அடங்காததற்குக் காரணம், உடம்பில் எவ்வளவு கொழுப்பு இருந்தாலும் அந்தத் தகவல் மூளைக்குப் போய்ச் சேரவில்லை என்பதுதான். தகவல் போகாவிட்டால் பருவமும் வராது. லெப்டினை ஊசியாகப் போட்டதும் எடை குறைந்தது மட்டுமில்லை, அதற்குரிய வயதில் பூப்பும் ஒழுங்காகத் தொடங்கியது. 2021-இல் மூளையில் உள்ள எம்.சி.3.ஆர். என்ற ஏற்பியும் இதே தகவல் வழியில்தான் இருக்கிறது, அது பழுதானவர்களுக்குப் பூப்பு தள்ளிப்போகிறது என்று தெரிந்தது.

இந்த இடத்தில் மரபணுவை நிறுத்திவிட்டு ஸ்வீடனுக்குப் போக வேண்டும். 1991-இல் வெளியான ஓர் ஆய்வில், இந்தியாவிலிருந்து ஸ்வீடன் குடும்பங்களுக்குத் தத்து கொடுக்கப்பட்ட 107 பெண்களின் பூப்பு வயதைப் பார்த்தார்கள். நடு வயது 11.6. ஏழு வயது சொச்சத்தில் வயசுக்கு வந்த பிள்ளையும் அதில் உண்டு. ஸ்வீடன் பெண்களுக்கு அப்போது சுமார் 13, இந்தியாவில் வசதியான வீட்டுப் பெண்களுக்கே 12-க்கு மேல். அதாவது பிறந்த நாட்டையும் முந்திவிட்டார்கள், வளர்ந்த நாட்டையும் முந்திவிட்டார்கள். மரபணு மாறவில்லை, வெறும் நல்ல சாப்பாடு என்றாலும் ஸ்வீடன்காரர்களோடு சமமாகத்தானே நிற்க வேண்டும்? வந்தபோது வளர்ச்சி குன்றியிருந்து, வந்த பிறகு வேகமாக உடம்பு தேறிய பிள்ளைகள்தான் அதிகம் முந்தினார்கள். சின்ன வயதுப் பற்றாக்குறை, பின்னால் திடீர் நிறைவு, இந்த ஏற்ற இறக்கத்தையே உடம்பு ஏதோ ஒரு அவசரமாக எடுத்துக்கொள்கிறது. அனாதை இல்லத்துப் பிள்ளைகளின் பிறந்த தேதி எவ்வளவு சரி என்ற கேள்வி நியாயமானதுதான், ஆனால் டென்மார்க்கில் வேறு நாடுகளிலிருந்து தத்தெடுக்கப்பட்ட பெண் பிள்ளைகளிடமும் முன்கூட்டிய பருவமெய்தல் பல மடங்கு அதிகமாகப் பதிவானது. நார்வேயில் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் 16-க்கு மேல் இருந்த பூப்பு வயது நூறு வருடத்தில் 13 சொச்சத்துக்கு இறங்கியது. நூறு வருடத்தில் மரபணு அந்த அளவு மாறாது.

எனவே அம்மா 15-இல் வயசுக்கு வந்தார், மகள் 11-இல் வந்துவிட்டாள் என்று பதறும் வீடுகளில், இரண்டு பேரும் வளர்ந்த காலம் ஒன்றா என்று முதலில் பார்க்க வேண்டும். அம்மாவும் மகளும் ஒரே தலைமுறை இல்லை, இந்தியாவில் இந்த முப்பது வருடங்களில் சாப்பாடு மாறிய வேகத்துக்கு அம்மாவின் வயது மோசமான அளவுகோல். அக்கா தங்கைகளை ஒப்பிடுவது மேல். எட்டு வயதுக்கு முன்பே மார்பு வளரத் தொடங்கினால் மட்டும், குடும்பவழி என்று சமாதானப்படுத்திக்கொள்ளாமல் குழந்தைகள் ஹார்மோன் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

முதல் பிரசவ வயதுக்கு வருவோம். இதைப் பற்றி எழுதும்போது எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் கூடவே வரும், அதைச் சொல்லிவிட்டே எழுதுகிறேன். கல்யாணம் எப்போது, படிப்பு எதுவரை, கருத்தடை கிடைக்குமா என்பதெல்லாம் முடிவு செய்யும் ஒரு வயதில் மரபணுவைத் தேடுவது எதற்கு? ஆனால் தேடிய இடத்தில் கிடைத்தவை ஒதுக்கித் தள்ளக்கூடியவை இல்லை.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் நடுவில் இல்-ஓ-கூத்ர் என்று ஒரு தீவு. 1720-க்கும் 1773-க்கும் இடையில் முப்பது குடும்பங்கள் குடியேறின. அப்புறம் வெளியிலிருந்து வந்தவர்கள் அதிகமில்லை, அவர்களுக்குள்ளேயே கொடுத்து வாங்கிக்கொண்டார்கள். மாதா கோயில் பதிவேட்டில் யார் யாருக்குப் பிறந்தார்கள், எப்போது திருமணம், எப்போது பிரசவம், எப்போது சாவு என்று எல்லாம் எழுதப்பட்டிருந்தது. கத்தோலிக்கர்கள், கருத்தடை இல்லை, ஒரே மாதிரி விவசாயமும் மீன்பிடிப்பும், பணக்காரர் ஏழை என்ற வித்தியாசம் பெரிதாக இல்லை. இம்மானுவேல் மிலோவின் குழு இந்தப் பதிவேட்டை வைத்து 2011-இல் வெளியிட்ட ஆய்வில், 1799-இலிருந்து 1940 வரையிலான காலத்தில் முதல் பிரசவ வயது சராசரியாக 26-இலிருந்து 22-க்கு இறங்கியதைக் காட்டினார்கள். சீக்கிரம் தொடங்கிய பெண்களுக்கு அதிகப் பிள்ளைகள் தங்கின, அந்தப் போக்கு மகள்களுக்கும் பேத்திகளுக்கும் இறங்கியது, நாலைந்து தலைமுறையில் ஊரே அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது என்பது அவர்கள் வாதம். சாப்பாடு மேம்பட்டதால் வந்ததாக இருக்கலாமே என்ற கேள்வியையும் எடுத்துப் பார்த்து, அதனால் மட்டும் இவ்வளவு வராது என்றார்கள். அந்த நாலு வருடம் முழுவதும் மரபணுதான் என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன், அம்மா தன் மகளுக்கு மரபணுவை மட்டுமா கொடுக்கிறாள். ஆனால் கருத்தடையும் கல்லூரியும் இல்லாத, எல்லாரும் ஒரே மாதிரி வாழ்ந்த ஓர் ஊரில் உடம்பின் வித்தியாசம் மேலே தெரியும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இன்றைய நிலைமை வேறு. ஆக்ஸ்ஃபோர்டின் மெலிண்டா மில்ஸ் உள்ளிட்டவர்கள் 2016-இல் இரண்டரை லட்சம் பேரின் முதல் குழந்தை வயதையும், அதோடு பிள்ளைகளின் எண்ணிக்கையையும் பார்த்து 12 மரபணு இடங்களைக் கண்டார்கள், அதெல்லாம் சேர்ந்து விளக்கியது ஒரு சதவீதம்கூட இல்லை. 2021-இல் முதல் உடலுறவு வயதையும் சேர்த்து 371 இடங்கள், விளக்கியது 5, 6 சதவீதம். அதில் சில நிஜமாகவே சினைப்பையையும் ஹார்மோனையும் தொடுபவை. நிறைய மரபணுக்கள் எத்தனை வருடம் படிப்பார்கள், எவ்வளவு துணிந்து முடிவெடுப்பார்கள் என்பதோடு ஒட்டிக்கொண்டிருப்பவை. படிப்பை நீட்டும் பெண், பிள்ளை பெறுவதைத் தள்ளிப்போடுகிறாள், எனவே படிப்போடு ஒட்டிய மரபணு, பிரசவ வயதின் மரபணுவாகப் பட்டியலில் ஏறிவிடுகிறது. பெண்களைப் படிக்கவே விடாத ஊரில் அதே மரபணுவுக்கு இந்த வேலை கிடையாது. டென்மார்க் இரட்டையர் பதிவேட்டை வைத்து 1999-இல் வந்த ஆய்வு இதையே வேறு விதத்தில் காட்டியது. பிள்ளைப்பேற்றில் மரபின் பங்கு ஒரே எண்ணாக இருக்கவில்லை, மக்கள் தாங்களாகவே முடிவெடுக்கத் தொடங்கிய காலங்களில் ஏறியது, கட்டுப்பாடு இருந்த காலங்களில் இறங்கியது. மகளின் கல்யாணத்தை அப்பா முடிவு செய்து, அடுத்த வருடம் தொட்டில் எங்கே என்று மாமியார் கேட்கும் ஊரில், முதல் பிரசவ வயது யாருடைய மரபணு என்று கேட்டால், முடிவெடுத்த பெரியவர்களுடையது என்றுதான் சொல்ல வேண்டும்.

மாதவிடாய் நிற்பதுதான் மூன்றிலும் மரபணு மிகத் தெளிவாகப் பேசும் இடம். கணக்கு இப்படி. பெண் கரு தாயின் வயிற்றில் 20 வாரம் இருக்கும்போது அதன் சினைப்பைகளில் 60, 70 லட்சம் முட்டைகள் இருக்கும். பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம். வயசுக்கு வரும்போது 3, 4 லட்சம். வாழ்நாளில் வெளியேறுவது 400, 500 மட்டுமே, மற்றதெல்லாம் தானாகவே அழிகிறது. ஆயிரம் அளவுக்கு வந்ததும் மாதவிடாய் நின்றுவிடுகிறது. ஆக ஒரு பெண்ணுக்கு 50 வயதில் நடப்பதற்கான அடித்தளம் அவள் அம்மா அவளைச் சுமந்தபோதே போடப்பட்டது. தொடக்கத்தில் எத்தனை, வருடத்துக்கு எத்தனை அழிகிறது, இந்த இரண்டில்தான் எல்லா வித்தியாசமும்.

2021-இல் ஐரோப்பிய வம்சாவளியைச் சேர்ந்த சுமார் 2 லட்சம் பெண்களை ஆராய்ந்து 290 இடங்களைக் கண்டபோது, அதில் பெரும்பகுதி ஹார்மோன் மரபணுக்கள் இல்லை, டி.என்.ஏ. பழுது பார்க்கும் மரபணுக்கள் என்று தெரிந்தது. முட்டை பல பத்தாண்டுகள் சும்மா உட்கார்ந்திருக்கும் அணு. அதற்குள் டி.என்.ஏ. உடைந்துகொண்டே இருக்கும், ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒட்ட முடியாததை அழித்துவிட வேண்டும், அந்த உத்தரவு கொடுப்பவர்களில் ஒன்று செக்2 என்ற மரபணு. அரிசியில் கல் பொறுக்கும்போது ரொம்பக் கறாரான கை, சந்தேகத்துக்கு இடமான அரிசியையும் சேர்த்து முறத்திலிருந்து தள்ளிவிடுமே, அப்படி. செக்2-இன் ஒரு பிரதி வேலை செய்யாத பெண்களுக்கு மாதவிடாய் சராசரியாக மூன்றரை வருடம் தள்ளி நிற்கிறது. எலிகளில் அதை எடுத்துவிட்டால் வயதான பிறகும் முட்டை அதிகமாகத் தங்குகிறது.

கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் செக்2 உடைந்தவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் அபாயமும் அதிகம். உடைந்த டி.என்.ஏ. உள்ள அணுவைத் தட்டிக் கேட்காமல் விடுவது முட்டைக்கு ஆயுள், மார்புக்கு ஆபத்து. இதற்கு எதிர்ப்பக்கம் பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2. இவை டி.என்.ஏ.-வை ஒட்டுபவை, இவை உடைந்தால் புற்றுநோய் அபாயமும் கூடுகிறது, மாதவிடாயும் முன்னால் நிற்கிறது. ஆகவே "செக்2-ஐ அடக்கும் மாத்திரை போட்டு மெனோபாஸைத் தள்ளிப்போடலாம்" என்று யாராவது சொன்னால் நம்பி விட வேண்டாம். பொதுவாகவே தாமதமாக நிற்பது எலும்புக்கு நல்லது, ஹார்மோன் சார்ந்த புற்றுநோய்க்குக் கொஞ்சம் கதவைத் திறக்கிறது.

இவற்றுக்கு மேலே, அரிதாக ஆனால் பலமாக அடிப்பவை. 2024-இல், லட்சக்கணக்கானோரின் உடல்நலத் தகவல்களைச் சேர்த்து வைத்திருக்கும் இங்கிலாந்தின் யு.கே. பயோபேங்க் தரவில், இசட்.என்.எஃப்.518ஏ என்ற மரபணு ஒரு பிரதி உடைந்திருந்தாலே மாதவிடாய் ஐந்து வருடத்துக்கும் மேல் முந்துவதைக் கண்டார்கள். அதே வருடம் ஐஸ்லாந்தின் டீகோட் மரபணு ஆய்வுக் குழு, சி.சி.டி.சி.201 என்ற மரபணுவின் இரண்டு பிரதிகளும் உடைந்த பெண்களுக்குச் சராசரியாக ஒன்பது வருடம் முன்பே நின்றுவிடுகிறது என்றது. வடக்கு ஐரோப்பியப் பெண்களில் பத்தாயிரத்தில் ஒருவருக்கு இப்படி. இரண்டு பிரதியும் உடைய வேண்டும் என்றால் சொந்தத்தில் திருமணம் செய்யும் சமூகங்களில் இது போன்றவை கூடுதலாகத் தென்பட வாய்ப்புண்டு. தமிழ்நாட்டில் தேசியக் குடும்பநல ஆய்வின்படி நாலில் ஒரு திருமணத்துக்கு மேல் சொந்தத்துக்குள்தான் நடக்கிறது, இந்தியாவிலேயே உச்சத்தில் இருக்கும் மாநிலங்களில் ஒன்று. மாமன் மகன், அத்தை மகன் கணக்கில் எல்லாருக்கும் ஏதாவது ஆகிவிடும் என்று பயமுறுத்த இதைச் சொல்லவில்லை, ஆனால் முப்பத்தைந்தில் மாதவிடாய் நின்ற பெண்ணிடம் "உங்க அப்பா அம்மா சொந்தமா?" என்று கேட்காமல் விடுவது தவறு.

எஃப்.எம்.ஆர்.1 என்ற மரபணுவையும் நம் ஊரில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அதில் மூன்று எழுத்துகள் கொண்ட ஒரு துண்டு திரும்பத் திரும்ப வரும். அது 200 தடவைக்கு மேல் போனால் பையன்களுக்கு அறிவுத்திறன் குறைபாடு வருகிறது. 55 முதல் 200 வரை இருந்தால் அந்தப் பெண்ணுக்கு அறிவில் பெரும்பாலும் எந்தக் குறையும் இருக்காது, ஆனால் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு 40 வயதுக்கு முன்பே சினைப்பை ஓய்ந்துவிடும். அக்காவின் பையனுக்கு வளர்ச்சிக் குறைபாடு, தங்கைக்கு 36-இல் மாதவிடாய் நின்றுவிட்டது என்றால் இரண்டும் தனித்தனித் துயரம் என்று குடும்பம் நினைத்துக்கொண்டிருக்கும். ஒரே மரபணுவாக இருக்கலாம், ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

சீக்கிரம் வயசுக்கு வந்தவளுக்குச் சீக்கிரம் நின்றுவிடுமா என்பது எல்லாரும் கேட்கும் கேள்வி. தொடர்பு இருக்கிறது, ஆனால் பலவீனமானது. பிட்யூட்டரி சுரக்கும் எஃப்.எஸ்.எச். ஹார்மோனின் மரபணு மாதிரி சிலவே இரண்டிலும் கை வைக்கின்றன. மற்றபடி ஒன்று மூளையின் பிடி, மற்றது முட்டையின் இருப்பு.

இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது சராசரியாக 46, 47-இல், மேற்கத்திய நாடுகளில் 50, 51-இல். இது நம் மரபணுவா, வயிற்றிலிருந்தபோதும் சின்ன வயதிலும் கிடைக்காத சாப்பாடா? ஏழைகளுக்கும் படிக்காதவர்களுக்கும் கிராமத்துப் பெண்களுக்கும் இன்னும் முன்னால் நிற்கிறது என்பதால் சாப்பாட்டுக்குப் பெரிய பங்கு இருக்க வேண்டும். மரபணுவின் பங்கை அளக்கத் தேவையான அளவு இந்தியப் பெண்களை இன்னும் யாரும் சேர்க்கவில்லை. மேலே சொன்ன பட்டியல்களில் ஜப்பான், சீனா, கொரியா தரவு கொஞ்சம் வந்திருக்கிறது, மற்றபடி பெரும்பாலும் ஐரோப்பியர்கள். 10,000 பேரின் முழு மரபணுவைப் படித்த 'ஜீனோம் இந்தியா' தரவு 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டது. நல்ல தொடக்கம், ஆனால் பூப்புக்கு 8 லட்சம் பேர் தேவைப்பட்ட துறையில் 10,000 எங்கே நிற்கும். அதனால் எச்சிலை டப்பாவில் துப்பி அனுப்பினால் உங்கள் மெனோபாஸ் வயதைச் சொல்கிறோம் என்று விளம்பரம் வந்தால், அது வேறு ஊர்ப் பெண்களை அளந்து தைத்த கணக்கு. அவர்களுக்கே அது ஒரு ஓரத்தில் இருக்கும் ஒரு சதவீதத்தினரை மட்டும்தான் தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது.

அப்போது அம்மாவின் வயதுக்கு மதிப்பே இல்லையா? மாதவிடாய் நிற்பதில் இருக்கிறது, இலவசமாகக் கிடைக்கும் ஆகச் சிறந்த தகவல் அதுதான். கோபன்ஹேகனில் 527 பெண்களை வைத்துச் செய்து 2013-இல் வந்த ஆய்வில், முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். அளவு, அம்மாவுக்கு 45-க்குள் நின்றுபோன பெண்களிடம் வருடத்துக்கு 8.6 சதவீதம் குறைந்தது, அம்மாவுக்கு 55-க்கு மேல் போன பெண்களிடம் 4.2 சதவீதம்தான். ஆனால் அம்மாவிடம் "எப்போது நின்றது?" என்பதோடு நிறுத்தக் கூடாது. தானாக நின்றதா, கர்ப்பப்பையை எடுத்ததாலா? ஆந்திரா, தெலங்கானா மாதிரி மாநிலங்களில் முப்பதுகளிலேயே கர்ப்பப்பையை எடுத்துவிட்ட பெண்கள் ஏராளம், தமிழ்நாட்டிலும் குறைவில்லை, ஆபரேஷனால் நின்ற வயதுக்கும் மகளின் முட்டைக்கும் சம்பந்தமே கிடையாது. புகைப்பழக்கம் உண்டா, அது ஒரு வருடம் போல முன்னால் தள்ளும். புற்றுநோய்க்கு மருந்து, கதிர்வீச்சு எடுத்தாரா? சித்தி, பெரியம்மாவுக்கு எப்போது? அப்பா பக்கத்து அத்தைகளையும் கேளுங்கள், இந்த மரபணுக்களில் பாதி அப்பா வழியாகத்தான் வருகின்றன, எஃப்.எம்.ஆர்.1-உம் அப்பா வழியாக மகளுக்கு வரும். இதையெல்லாம் விசாரித்த பிறகும் அம்மாவுக்கோ அக்காவுக்கோ 45-க்கு முன் தானாகவே நின்றிருந்தால், பிள்ளை வேண்டும் என்று நினைக்கும் பெண் அதை மகப்பேறு மருத்துவரிடம் முப்பதிலேயே சொல்லிவிடலாம், முப்பத்தெட்டு வரை காத்திருக்க வேண்டாம்.